திருத்தணி வட்டார வேளாண் மானியங்கள்

திருவள்ளூர் மாவட்டத்தில் ஆந்திர எல்லையை ஒட்டியுள்ள திருத்தணி, பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை வட்டங்களின் உழவர்களுக்கு மத்திய, மாநில அரசுகள் பணமாகவும் இடுபொருளாகவும் விலைச் சலுகையாகவும் வழங்கும் உதவிகளே இவ்வட்டார வேளாண் மானியங்கள். முருகன் மலைக்கோயிலால் பெயர்பெற்ற திருத்தணி, 1960 ஏப்ரல் 1 அன்று ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. ஏரியையும் கிணற்றையும் நம்பிய இப்பகுதியில் நெல், கரும்பு, நிலக்கடலை, மா ஆகியவை முக்கியப் பயிர்கள்.

அடிப்படை ஆவணங்கள்

மானியம் கேட்டு வருபவரிடம் முதலில் கேட்கப்படுபவை சிட்டாவும் அடங்கலும். நிலம் யாருடையது என்பதைச் சிட்டா சொல்லும். அதில் இப்போது என்ன பயிர் நிற்கிறது என்பதை அடங்கல் சொல்லும். எந்த உதவி எந்த ஆவணத்தைப் பார்த்து வழங்கப்படுகிறது என்பதைப் பொறுத்தே அது யார் கைக்குப் போகிறது என்பதும் அமைகிறது.

நேரடிப் பணம்

2019 பிப்ரவரியில் தொடங்கப்பட்ட பி.எம். கிசான் திட்டத்தில், ஓர் உழவர் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 6,000 ரூபாய் மூன்று தவணைகளாக வங்கிக் கணக்கில் சேர்கிறது. முதலில் 2 ஹெக்டேர் வரை நிலம் உள்ளவர்களுக்கு மட்டும் என்றிருந்த வரம்பு, அதே ஆண்டில் நீக்கப்பட்டது. வருமான வரி செலுத்துவோரும் பெரும்பாலான அரசு ஊழியரும் இதைப் பெற முடியாது. 2020-இல் தமிழ்நாட்டில் தகுதியற்றோர் பெயரில் ஏறத்தாழ 110 கோடி ரூபாய் போனது தெரியவந்து, சி.பி.சி.ஐ.டி. விசாரணை நடந்தது. பின்னர் நாடு முழுவதும் ஆதார் வழிச் சரிபார்ப்பு கட்டாயமாயிற்று. மண்வெட்டி பிடித்துத் தேய்ந்த விரல்களில் ரேகை பதியாத முதியவர்களுக்கு, 2023-இல் வந்த முக அடையாளச் சரிபார்ப்பு கைகொடுத்தது.

எல்லைக்கு அப்பால், நகரி பக்கத்து உழவருக்கு ஆந்திர அரசு 2025 ஆகஸ்டில் தொடங்கிய அன்னதாதா சுகீபவ திட்டம், மத்திய அரசின் 6,000 ரூபாயோடு மாநிலப் பங்காக 14,000 ரூபாய் சேர்த்து 20,000 ரூபாயாகத் தருகிறது. தமிழ்நாடு இவ்வாறு ரொக்கம் சேர்ப்பதில்லை. தன் உதவியை மின்சாரம், விலை, பாசனம் வழியாக அளிக்கிறது.

விலை ஊக்கத்தொகை

2025-26 கொள்முதல் பருவத்தில் சாதாரண நெல்லுக்குக் குவிண்டாலுக்கு 2,369 ரூபாய் மத்திய ஆதரவு விலை. மாநில ஊக்கத்தொகை 131 ரூபாய் சேர்ந்து, நேரடி நெல் கொள்முதல் நிலையங்களில் 2,500 ரூபாய் கிடைக்கிறது. திருவாலங்காட்டில் உள்ள திருத்தணி கூட்டுறவு சர்க்கரை ஆலை இப்பகுதிக் கரும்பை அரைக்கிறது. ஆலைகளுக்குக் கரும்பு தந்த உழவர்களுக்கு 2024-25 அரவைப் பருவத்துக்கு டன்னுக்கு 349 ரூபாய் சிறப்பு ஊக்கத்தொகையை மாநில அரசு அறிவித்தது.

இடுபொருளும் காப்பீடும்

பம்புசெட்டுக்கு மின்சாரம் இலவசம். சொட்டுநீர்ப் பாசனம் அமைக்கச் சிறு, குறு உழவர்களுக்கு முழு மானியமும் மற்றவர்களுக்கு 75 விழுக்காடும் உண்டு. 45 கிலோ யூரியா மூட்டை 266.50 ரூபாய்க்குக் கிடைக்கிறது. மீதிச் செலவை மத்திய அரசு உர நிறுவனங்களுக்குத் தருகிறது. 2016-இல் வந்த பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில் காரீப் உணவுப் பயிருக்குக் காப்புத்தொகையில் 2 விழுக்காடும், ராபிப் பருவத்துக்கு 1.5 விழுக்காடும், தோட்டப்பயிருக்கு 5 விழுக்காடும் வரை உழவர் செலுத்துகிறார். குத்தகைதாரரும் இதில் சேரலாம்.

குத்தகை உழவர்

பி.எம். கிசான் பணம் நில உரிமையைக் காட்டும் பட்டாவைப் பார்த்து வருகிறது. குத்தகைக்கோ வாரத்துக்கோ உழுபவருக்கு அதில் இடமில்லை. குத்தகை உரிமையைப் பதிவு செய்யத் தமிழ்நாட்டில் 1969-ஆம் ஆண்டுச் சட்டம் இருக்கிறது. ஆனாலும் வாய்ப்பேச்சுக் குத்தகையே பெருவழக்கு என்பதால், உழுபவரின் பெயர் பெரும்பாலும் ஏட்டில் ஏறுவதில்லை. பட்டாவை மட்டுமே பார்த்து வழங்கப்படும் வரை, நிலத்தில் இறங்கிப் பாடுபடும் குத்தகை உழவரை இந்த நேரடிப் பணம் எட்டாது.