வெற்றுவேட்டு: ஒரு சொல்லாராய்ச்சி

உரத்துப் பேசித் தம் ஆற்றலைத் தாமே விரித்துரைத்துச் செயலில் ஒன்றும் காட்டாதாரை 'வெத்துவேட்டு' என்பது மக்கள் வழக்கு. விருதுநகரை அடுத்த ஆமத்தூர் முதலாகச் சிவகாசி வரையில் வெடித்தொழில் வேரூன்றிய ஊர்களில் இச்சொல்லைக் கேட்போர், இது பட்டாசு ஆலையிற் பிறந்தது என எளிதிற் கொள்வர். அக்கொள்கை பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நிலைமொழி 'வெற்று' என்பதே. காற்று காத்து எனவும், நேற்று நேத்து எனவும் ஒலித்தல் போல இதுவும் பேச்சில் வெத்து என்றாயிற்று. வெறுமை என்னும் பண்பு, வெற்றிலை, வெற்றுரை என்பவற்றிற்போல ஒற்றிரட்டி நின்றது. வருமொழியாகிய 'வேட்டு', பழைய நூல்களில் விரும்பி, மணந்து என்னும் பொருள்பட வரும் வினையெச்சம் அன்று. அது வேள் என்னும் பகுதியின் வழிப்பட்டது. ஈண்டு வேட்டு என்பது வெடிமருந்தின் அதிரொலியையும், அவ்வொலி எழ வெடித்தலையும் குறிக்கும் பெயர். 'காரியத்திற்கு வேட்டு வைத்தான்' என்னும் வழக்கில் அஃது அழிவையே சுட்டும். ஆகவே பயனின்மைக் குறிப்பு வேட்டு என்னும் சொல்லில் இல்லை. வெற்று என்னும் அடையே அதனைத் தருகின்றது.

அங்ஙனமாயின் அவ்வேட்டில் இல்லாதது மருந்தா, குண்டா? மருந்து இல்லையேல் ஒலியும் இல்லை. இச்சொல்லாற் சுட்டப்படுவோரோ ஒலி மிக்கவர். ஒலியின்றி அடங்கியதைச் சுட்டப் 'புஸ்வாணம்', 'நமத்த பட்டாசு' என வேறு வழக்குகள் உள. எனவே இல்லாதது குண்டே. பட்டாசிற்கோ குண்டு என்றும் இல்லை. ஒலித்தலே அதன் பயன். நன்கு ஒலித்த பட்டாசை வெறுமையுடையது என்றல் பொருந்தாது. குண்டுடனும் குண்டின்றியும் வெடிக்கத் தக்கவை துப்பாக்கியும் பீரங்கியுமே. ஆதலின் இவ்வுவமையாகுபெயர் படைக்கலத்தினின்று வந்தது என்பது போதரும்.

வரலாறும் இதற்கு அரணாகும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தாவில் தீப்பெட்டித் தொழில் கற்றுத் திரும்பிச் சிவகாசியில் அதனைத் தொடங்கியது 1923-ஆம் ஆண்டளவில். உரிமம் பெற்ற பட்டாசு ஆலைகள் பெருகியது 1940-இல் வெடிபொருள் விதிகள் வந்த பின்னர். துப்பாக்கியும் பீரங்கியுமோ 16-ஆம் நூற்றாண்டு முதலே தமிழகத்திற் பரவலாயின. பகைவர்மேல் எய்தற்கேயன்றி, வரவேற்பிற்கும் விழாவிற்கும் மருந்து மட்டும் இட்டு முழக்குதலும் வழக்கமாயிற்று. 1736 முதல் 1761 வரை புதுச்சேரியில் எழுதப்பெற்ற ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு, மரியாதைக்கு முழங்கிய பீரங்கிகளின் தொகையைப் பலவிடத்தும் குறிக்கின்றது. முழக்கம் உண்டு, தாக்குதல் இல்லை என்னும் காட்சியை மக்கள் நெடுங்காலம் கண்டிருந்தனர்.

தற்புகழ்ச்சி முழுவதையும் தமிழ் மரபு பழித்ததன்று. வீரன் தன் ஆற்றலைத் தானே உரைப்பதை 'நெடுமொழி' எனப் புறப்பொருள் இலக்கணம் போற்றியது. நன்னூலும் தன்னைப் புகழ்தல் தகும் இடங்கள் நான்கு என வகுத்தது. நெடுமொழிக்குப் பின்னே செயல் உண்டு, குண்டிட்ட வேட்டைப் போல. அச்செயல் இல்லாத பேச்சையே மக்கள் வெற்றுவேட்டு என்றனர். இகழப்பட்டது ஒலியன்று, ஒலியின் பின் நின்ற வெறுமையே.

ஒரு தொழில் இன்று சிறந்து விளங்கும் இடத்தையே அத்தொழிற் சொற்களின் பிறப்பிடமாகக் கொள்ளுதல் வட்டாரச் சொல் ஆராய்வோர்க்கு நேரும் இடர். சொல்லின் பொருட்கூற்றைப் பகுத்துக் கண்ட பின்னரே அதன் ஊரைத் துணிதல் வேண்டும்.