கோசானும் கூடலூரும்

கி.மு. 8ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் சமாரியா அசீரியரிடம் வீழ்ந்தது. அந்நாட்டு இஸ்ரவேலர் ஆலாக், ஆபோர், கோசான் ஆகிய இடங்களிலும் மேதியரின் பட்டணங்களிலும் குடியமர்த்தப்பட்டனர் என விவிலியம் கூறும். 27,290 பேரைக் கொண்டுசென்றதாக அசீரிய மன்னன் இரண்டாம் சர்கோன் தன் சாசனத்திற் பெருமையோடு பொறித்துள்ளான். கோசான் என்பது சிரியாவின் வடகிழக்கே, காபூர் ஆற்றின் தலைப்பகுதியிலுள்ள தெல் ஹலாப் மேடே என்பது அகழ்வாய்வினால் தெளிவாயிற்று.

ஊவாவின் வரலாற்றைப் பயில்வோர்க்கு இவ்வெண் வேறு சில எண்களை நினைவூட்டாமற் போகாது. 1964 ஒக்டோபர் 30ஆம் நாள் சிறிமாவோ பண்டாரநாயக்காவும் லால் பகதூர் சாஸ்திரியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின்படி, 1948ஆம் ஆண்டுப் பிரசாவுரிமைச் சட்டத்தால் நாடற்றோராகிய 975,000 பேரில் 525,000 பேர் இந்தியாவுக்கும் 300,000 பேர் இலங்கைக்கும் எனப் பிரிக்கப்பட்டனர். எஞ்சிய 150,000 பேர் 1974இல் சரிபாதியாகப் பங்கிடப்பட்டனர். சர்கோனின் எண் வென்றவனின் செருக்கு. இவையோ இரு நட்பு நாடுகளின் பேரம். பங்கிடப்பட்ட மக்களின் பிரதிநிதி எவரும் அதிற் கையொப்பமிடவில்லை.

சட்டத்தின் மொழியில் இது நாடுகடத்தலன்று, தாயகம் திரும்புதல். பசறையிலோ நமுனுகுலையிலோ லயத்திற் பிறந்து, பாட்டனையும் அதே மலைச்சரிவிற் புதைத்தவருக்குத் தாயகம் எது?

பதுளையிற் கோச்சி ஏறியோர் தலைமன்னாரிற் கப்பலேறி, இராமேஸ்வரம் வழியே மண்டபம் முகாமை அடைந்தனர். முன்னாளில் இலங்கைக்கு வந்த தொழிலாளரைத் தடுத்துவைத்து, நோய் சோதித்து அனுப்பிய முகாமும் அதுவே! அங்கிருந்து பலர் சிறுவணிகக் கடனுடன் அனுப்பப்பட்டனர். கொழுந்து பறித்தலும் கவ்வாத்து வெட்டுதலுமே அறிந்தவர்க்கு வணிகம் எவ்வாறு கைகொடுக்கும்? வேறு சிலருக்கு 1968இல் தமிழக அரசு தொடங்கிய தேயிலைத் திட்டத்தின் கீழ், கூடலூர், பந்தலூர், கோத்தகிரிப் பகுதிகளில் வேலை கிடைத்தது. மீண்டும் மலை, மீண்டும் தேயிலை.

சமாரியா வீழ்ந்து பல பத்தாண்டுகள் கழிந்த பின்னரும், கோசானில் வாழ்ந்த ஒருவனை அசீரியக் கடிதமொன்று 'சமாரியன்' என்றே சுட்டுகின்றது. இலங்கைக் குடிமதிப்பில் 'இந்தியத் தமிழர்' எனப் பதியப்பட்டவரோ, நீலகிரியிற் 'சிலோன்காரர்' ஆயினர்.

ஒப்பந்தத்தின் எண் நிறைவேறாமலே 1984இற் கப்பற் போக்குவரத்து நின்றது. ஊவா லயங்களில் எஞ்சிய நாடற்றோர்க்கு 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டம் இலங்கைப் பிரசாவுரிமை வழங்கிற்று. ஒப்பந்தத்தின்படி கூடலூர் சென்று குடியமர்ந்தோரை அச்சட்டம் எட்டவில்லை.