வாவிக் காற்றிலும் ஐஸ் கட்டும்



விமானத்தில் ஐஸ் கட்டுவது பனிநாட்டுக் கதை என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். இறக்கையில் கட்டுவது பெரும்பாலும் அப்படித்தான். சொரசொரப்பான உறைபனி மெல்லிசாகப் படிந்தாலே தூக்குவிசை 30 சதவீதம் வரை குறைந்துவிடும். ஆனால் கார்பரேட்டருக்குக் குளிர்நாடு தேவையில்லை. பெட்ரோல் ஆவியாகும்போது அதற்குள் வெப்பநிலை 30 பாகை வரை இறங்கலாம். தன்னாமுனை வாவிக் காற்றின் ஈரமே ஐஸ் கட்டப் போதும். 1935 இல் இரத்மலானையில் முதன்முதலாக இறங்கிய புஸ் மொத் சிறுவிமானமும் கார்பரேட்டரில் ஓடியதுதான்.

தரையிலேயே பறக்கப் பழகும் வழக்கம் பரவியதற்கும் குளிர்காலமே காரணம். 1934 இல் தபால் சுமந்த அமெரிக்க இராணுவ விமானிகள் பனிப்புயல்களில் அடுத்தடுத்து இறந்தார்கள். அதற்குப் பிறகுதான் எட்வின் லிங்க் 1929 இல் செய்த பயிற்சிப் பெட்டியில் 6 வாங்கினார்கள். ஓகன் வாத்தியத் துருத்திகளால் ஆடும் பெட்டி அது! வெளியே பார்க்காமல் கருவிகளை நம்பப் பழக்கியது. 1982 இல் மைக்ரோசொப்ட் அந்தப் பழக்கத்தை வீட்டுக் கணினிக்கும் கொண்டுவந்தது.

இன்று நம்ம பிள்ளைகள் கணினியில் ஓட்டும் செஸ்னா 172 பெரும்பாலும் புது மாதிரி. 1996 இலிருந்து வந்தவற்றில் கார்பரேட்டரே இல்லை. பழைய மாதிரியை எக்ஸ்-பிளேனில் எடுத்து, ஈரக் காற்றில் வேகம் குறைத்து இறக்கிப் பாருங்கள். எஞ்சின் சுற்று மெல்ல விழும். சூடேற்றும் பிடியை இழுத்தால் ஐஸ் உருகி, அந்தத் தண்ணீரால் எஞ்சின் இன்னும் மோசமாக உதறும். புதியவர் பயந்து பிடியைத் திருப்பித் தள்ளுவது அப்போதுதான். நிஜத்தில் அப்படி விழுந்த விமானத்தைச் சோதிக்கப் போகும்போது ஐஸ் உருகிப் போயிருக்கும்.