மூங்கிலில் பிறந்த பேரிசை

தேவாலயத்துக் குழாய் ஆர்கன் என்றவுடன் ஐரோப்பாவிலிருந்து கப்பலேறி வந்த கருவியே நம் நினைவுக்கு வருகிறது. பெரும்பொருள் படைத்த பேராலயங்களுக்கே அஃது உரியது என்றும் நாம் எண்ணிவிடுகிறோம். அவ்வெண்ணத்தை மாற்றும் வரலாறு ஒன்று பிலிப்பைன்ஸ் நாட்டில் உண்டு.

மணிலாவுக்குத் தெற்கே உள்ள லாஸ் பினாஸ், அந்நாளில் ஒரு சிற்றூர். 1795இல் அங்குப் பங்குத் தந்தையாக வந்த டியேகோ செரா என்னும் ஸ்பானியத் துறவி, 1816இல் தம் ஆலயத்திற்கு ஆர்கன் ஒன்றை அமைக்கத் தொடங்கினார். ஆர்கனுக்கு உயிர் காற்று. துருத்தி ஊதும் காற்று ஒரு பெட்டியில் நிறையும். விசைக்கட்டையை அழுத்த, அதற்குரிய குழலுள் புகுந்து ஒலிக்கும். குழல் நீண்டால் ஒலி தாழும், குறுகினால் உயரும். இக்குழல்களைப் பெரும்பாலும் ஈயமும் வெள்ளீயமும் கலந்து செய்வது ஐரோப்பிய வழக்கம். செராவோ அவ்வூர் மூங்கிலைத் தேர்ந்தார்.

மூங்கிலைப் பூச்சி அரிக்கும். ஆதலின் வெட்டிய மூங்கிலைக் கடற்கரை மணலில் நெடுநாள் புதைத்துப் பதப்படுத்திய பின்னரே குழலாக்கினார். ஈரம் உலராத பாண்டம் சூளையில் வெடிக்கும் என்பதை அறிந்த விருத்தாசலத்தார்க்கு இப்பொறுமையின் பொருளை விளக்க வேண்டுவதில்லை. எக்காள ஒலி தரும் குழல்களுக்கு மட்டும் உலோகத்தைக் கொண்டார். 1824இல் பணி நிறைவுற்றது. மொத்தம் 1031 குழல்கள். அவற்றுள் 902 மூங்கில்.

நிலநடுக்கமும் புயலும் பின்னாளில் அக்கருவியைச் சிதைத்தன. 1973இல் அதனைப் பிரித்து, செப்பனிடுவதற்காக ஜெர்மனியின் பான் நகருக்கு அனுப்பினர். 1975இல் அது திரும்பியது. ஊரில் பிறந்த கருவிக்கு ஊரில் மருத்துவர் இல்லாத நிலை அது. அந்நிலை நீடிக்கவில்லை. பிலிப்பைன்ஸ் இளைஞர் ஒருவர் ஐரோப்பாவில் ஆர்கன் தொழில் பயின்று வந்து, 1994இல் லாஸ் பினாசிலேயே செராவின் பெயரால் பட்டறை நிறுவினார். 2004இல் அக்கருவி மீண்டும் செப்பமுற்றபோது அப்பணியைச் செய்தவர்கள் அப்பட்டறையினரே.

இளைஞர்களே, மூங்கில் ஊரில் இருந்தது. அறிவும் ஊரில் தங்கியபோதே கருவி முழுமையாக அவர்களுடையதாயிற்று. நம் ஊரில் பீங்கான் தொழிற்பேட்டை உண்டு. பீங்கான் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசினர் நிறுவனமும் உண்டு. களிமண் சுமந்த கைகள் அதன் வேதியியலையும் கற்கட்டும். சூளைக்கு விறகிட்டவர் பிள்ளைகள் சூளையை வரைந்து அமைப்பவராகட்டும். பொருள் மண் தருவது. அதன்மீது உரிமை, கல்வி தருவது.