துப்பாக்கி எண்ணெயும் உப்பு ஜாடியும்

துப்பாக்கி துடைக்கும் எண்ணெய்களுக்கு வரும் விளம்பரங்களைப் படித்தால் நம் ஊர் தலைமுடித் தைல விளம்பரங்கள் எவ்வளவோ பரவாயில்லை என்று தோன்றும். துருவே பிடிக்காதாம், கரியே ஒட்டாதாம், ஒரு முறை தடவினால் போதுமாம்! இந்தப் பேச்சுக்கு நூறு வயதுக்கு மேல் ஆகிறது. அதில் ஒரு பகுதியை ஒரு வேதியியலாளர் உடைத்த கதைதான் இது.

1884-ல் பிரான்சில் பால் வியே புகையில்லா வெடிமருந்தைக் கண்டுபிடித்தார். பழைய கரிமருந்தைப் போல இது குழலில் கரியை அப்பாது. எல்லோருக்கும் மகிழ்ச்சிதான். ஆனால் ஒரு விசித்திரம் நடந்தது. பளபளவென்று துடைத்து எண்ணெய் பூசி வைத்த துப்பாக்கியின் குழல் சில நாளில் உள்ளே சிவந்து கிடந்தது. புது மருந்தின் அமிலம் இரும்பின் நுண்துளைகளில் ஒளிந்துகொண்டு, பிறகு வியர்வை போல வெளியே வருகிறது என்று பலரும் நம்பினார்கள். நம்பிக்கை இருந்தால் மருந்தும் விற்கும் அல்லவா? "நைட்ரோ" கரைப்பான்கள் கடைக்கு வந்தன. இன்றும் விற்பனையில் உள்ள ஹாப்பிஸ் நம்பர் 9 கூட 1903-ல் வந்ததுதான்.

1922-ல் அமெரிக்கச் சுரங்கத் துறையின் வில்பர்ட் ஹஃப் தன் ஆய்வை வெளியிட்டார். குற்றவாளி வெடிமருந்தே இல்லை, பிரைமர்! தோட்டாவின் அடியில் ஊசி அடித்ததும் முதலில் பற்றும் சிறு பொருள் அது. அதில் இருந்த பொட்டாசியம் குளோரேட் வெடித்தபின் பொட்டாசியம் குளோரைடாக மாறிக் குழலில் படிகிறது. இது நம் சமையல் உப்புக்குச் சொந்தக்காரன். மழைக்காலத்தில் உப்பு ஜாடி கசிவதைப் பார்த்திருப்பீர்கள். அதே போல இதுவும் காற்றின் ஈரத்தை இழுக்கும், இரும்பு துருப்பிடிக்கும். உப்பு எண்ணெயில் கரையாது, தண்ணீரில்தான் கரையும். அதாவது காசு கொடுத்து வாங்கிய எண்ணெய் உப்பின் மேல் ஒரு போர்வை போர்த்திவிட்டது, அவ்வளவுதான்.

கரிமருந்துக் காலத்திலும் இதே உப்பு இருந்ததே என்று கேட்கலாம். அப்போது அது ஏராளமான கரியோடு கலந்து கிடந்தது. கரியைப் போக்க எப்படியும் தண்ணீர் விட்டுத்தான் கழுவினார்கள், உப்பும் போயிற்று. மருந்து சுத்தமானதும் தண்ணீரைக் கைவிட்டார்கள். பிரிட்டிஷ் படைவீரர்களோ .303 துப்பாக்கிக் குழலில் புனல் வைத்து வெந்நீர் ஊற்றினார்கள். விளம்பரம் தேவைப்படாத வைத்தியம்.

1920களின் பிற்பகுதியில் ரெமிங்டனின் கிளீன்போர், ஜெர்மனியின் சினாக்சிட் ஆகிய உப்பில்லாத பிரைமர்கள் வந்தன. இங்கேதான் எனக்குச் சிரிப்பு வருகிறது. துருவின் பெரிய காரணத்தை நீக்கியது பிரைமர், பெயரைத் தட்டிக்கொண்டது எண்ணெய்!

எண்ணெயே வேண்டாம் என்று சொல்லவில்லை. உராய்வைக் குறைக்கவும் ஈரத்தைத் தடுக்கவும் அது தேவை. வியட்நாமில் எம்-16 துப்பாக்கிக்குத் துடைப்பே அதிகம் தேவையில்லை என்ற பேச்சு பரவி, துடைக்கும் கருவிகள்கூடப் போதுமான அளவு போகவில்லை. மருந்தையும் மாற்றியிருந்தார்கள். சண்டை நடுவே துப்பாக்கிகள் சிக்கிக்கொண்டன. 1967-ல் அமெரிக்க நாடாளுமன்றக் குழு இதைக் கடுமையாகக் கண்டித்தது.

பழைய சோவியத் தோட்டாக்கள் பலவற்றில் அந்த உப்புப் பிரைமர்தான் இருக்கிறது. விவரம் தெரிந்தவர்கள் அவற்றைச் சுட்டபின் முதலில் வெந்நீர் ஊற்றுகிறார்கள். குழல் காய்ந்த பிறகுதான் எண்ணெய்ப் புட்டியைத் திறக்கிறார்கள்.