வட சென்னையின் வீட்டுக் கணக்கு: ஆண்டறிக்கைகளில் ஊர் மறைந்து மீண்ட வரலாறு

நிதிநிலை அறிக்கை முடிந்ததும் தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தில் மானியக் கோரிக்கை விவாதம் தொடங்கும். அதில் வீட்டுவசதி மற்றும் நகர்ப்புற வளர்ச்சித் துறையின் முறை வரும் நாளில் உறுப்பினர்களுக்குக் கொள்கை விளக்கக் குறிப்பு ஒன்று வழங்கப்படும். கடந்த ஆண்டு என்ன கட்டி முடிந்தது, எது பாதியில் நிற்கிறது, எதற்கு எவ்வளவு பணம் ஒதுக்கப்பட்டது என்று சென்னை நகரத்துக்கும் சேர்த்துச் சொல்லும் ஆண்டுக் கணக்கு அது. வீட்டுவசதி வாரியம், நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம், சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம், நகர் ஊரமைப்பு இயக்ககம் என்று நிறுவனவாரியாகவும், அவற்றுக்குள் திட்டவாரியாகவும் அது பிரிக்கப்பட்டிருக்கும். திருவொற்றியூரிலோ எண்ணூரிலோ குடியிருக்கும் ஒருவர் தம் ஊரின் கதையைத் தெரிந்துகொள்ள விரும்பினால் இந்தப் பிரிவுகள் அனைத்திலும் தேடிக் கோர்க்க வேண்டும். கோர்த்தாலும் முழுமை கிடைக்காது. இந்த அமைப்பு எப்படி உருவானது, அதனால் வட சென்னைக்கு நேர்ந்தது என்ன என்பதை இக்கட்டுரை தொடர்ந்து பார்க்கிறது.

பழைய சென்னை மாநகராட்சியின் ஆண்டு நிர்வாக அறிக்கைகளில் ஊர் இருந்தது. மாநகராட்சியின் சுகாதார அதிகாரி ஆண்டுதோறும் அளித்த அறிக்கை, பிறப்பையும் இறப்பையும் டிவிஷன்வாரியாகப் பதிந்தது. எந்த டிவிஷனில் குழந்தைகள் அதிகம் இறந்தன, எங்கே காலரா பரவியது, எங்கே சாக்கடை இல்லை என்பவை ஒரே அறிக்கைக்குள் அடுத்தடுத்து வந்தன. இதைக் காலனிய அரசின் கருணை என்று சொல்லிவிட முடியாது. துறைமுகத்துக்கும் ரயிலுக்கும் கூலியாட்கள் வேண்டும். அவர்கள் வாழும் இடத்திலிருந்து நோய் கோட்டைப் பக்கம் வந்துவிடக் கூடாது. நோக்கம் எதுவாயினும், இடத்தை அடிப்படையாகக் கொண்ட ஒரு கணக்கு எழுதப்பட்டது.

அந்தக் கணக்குக்கு வேண்டிய மக்கள்தொகையை வட பகுதிக்குக் கொண்டுவந்தவை இரண்டு. 1856இல் ராயபுரம் ரயில் நிலையம் திறக்கப்பட்டு, அங்கிருந்து வாலாஜா ரோடு வரை ரயில் ஓடியது. 1875இல் செயற்கைத் துறைமுகத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது. 1881 புயல் அதைச் சிதைத்தது, மீண்டும் கட்டினார்கள். 1904 முதல் 1919 வரை துறைமுகப் பொறுப்பிலிருந்த பிரான்சிஸ் ஸ்பிரிங் காலத்தில் அதன் நுழைவாயில் கிழக்கிலிருந்து வடகிழக்குக்கு மாற்றப்பட்டது. நீண்ட அலைத்தடுப்புச் சுவர்கள் தெற்கிலிருந்து வடக்கே நகரும் மணலை மறித்ததால் மெரினாவில் மணல் சேர்ந்து கரை அகன்றது. ராயபுரத்துக்கு வடக்கே கடல் கரையை அரிக்கத் தொடங்கியது. காசிமேடு முதல் எண்ணூர் வரை குப்பங்கள் அடுத்த நூறாண்டுக்கு மேல் தெருத்தெருவாகக் கடலிடம் நிலத்தை இழந்தன. தென்பகுதிக்கு உலாவக் கடற்கரையும் வடபகுதிக்குக் கருங்கல் தடுப்பும் கிடைத்தது ஒரே கட்டுமானத்தால்தான். புதிதாகக் கட்டிய வீட்டை எழுதுவதற்குக் கணக்கில் பத்தி இருந்தது. கடல் கொண்ட வீட்டை எழுதுவதற்கு எக்காலத்திலும் இருந்ததில்லை.

நகரமைப்பு என்ற சிந்தனை 1915 வாக்கில் பேட்ரிக் கெடிஸின் கண்காட்சியோடும் லான்செஸ்டரின் 1918ஆம் ஆண்டு நூலோடும் சென்னைக்கு வந்தது. 1920இல் நகரமைப்புச் சட்டம் நிறைவேறியது. வீடு கட்டுவதற்கென்றே ஓர் அமைப்பு தோன்ற 1947 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அந்த ஆண்டு அமைந்த நகர மேம்பாட்டு அறக்கட்டளை 1961இல் தமிழ்நாடு வீட்டுவசதி வாரியமாக மாறியது. கட்டும் பொறுப்பு மாநகராட்சியை விட்டு வாரியத்துக்குப் போனபோது கணக்கெழுதும் முறையும் மாறியது. வாரியத்துக்குத் தேவைப்பட்டது மனை, வீடு, தவணை என்ற கணக்கு. டிவிஷனும் அதன் இறப்பு விகிதமும் மாநகராட்சியின் சுகாதாரத் துறையிலேயே தங்கிவிட்டன. எழுதியவர்கள் அதைப் பிரிவினை என்று நினைத்திருக்க மாட்டார்கள். ஆனால் வீடும் அதில் வாழ்பவரின் உடல்நலமும் அதற்குப் பின் ஒரே அறிக்கையில் சேரவில்லை.

இதே காலத்தில் வடக்கே தொழிற்சாலைகள் வரிசைகட்டின. திருவொற்றியூரில் விம்கோ தீப்பெட்டி ஆலை இருந்தது. 1946இல் அங்கே ஒரு கொட்டகையில் பலூன் செய்து தொடங்கிய தொழில்தான் பின்னாளின் எம்.ஆர்.எஃப். எண்ணூரில் அசோக் மோட்டார்ஸ் 1948இல் வந்து அசோக் லேலண்ட் ஆயிற்று. 1955இல் ராயல் என்ஃபீல்டு, 1969இல் மணலி எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை, 1970இல் எண்ணூர் அனல்மின் நிலையம் என்று அடுத்தடுத்து வந்தன. வேலை தேடி வந்தவர்களோடு பர்மாவிலிருந்து திரும்பியவர்களும் சேர்ந்தார்கள். எண்ணூரில் பர்மா நகர் இன்றும் இருக்கிறது. ஆலைக்கு நிலம் எடுத்தபோது தொழிலாளிக்கு வீடு எங்கே என்பதை யாரும் முதலில் தீர்மானிக்கவில்லை. தண்டவாளத்தை ஒட்டியும், கால்வாய்க் கரையிலும், துறைமுக நிலத்திலும் குடிசைகள் எழுந்தன. ரயில்வேயும் துறைமுகமும் மத்திய அரசின் கையில்; அவற்றின் நிலத்தில் இருந்தவர்கள் மாநகராட்சியின் மேம்பாட்டுக் கணக்கின் ஓரத்தில்தான் நின்றார்கள். போதாததற்குத் திருவொற்றியூரும் கத்திவாக்கமும் தனி நகராட்சிகள். சென்னையின் தொழில் அங்கே நடந்தது. சென்னையின் கணக்கில் அந்த ஊர்கள் இல்லை. 2011 அக்டோபரில் மாநகராட்சியின் பரப்பு 174 சதுர கிலோமீட்டரிலிருந்து 426 ஆக விரிந்தபோதுதான் அவை உள்ளே வந்தன. சென்னை மாவட்டத்தில் திருவொற்றியூர் சேர்ந்தது 2018இல்.

1961இல் சென்னையில் 548 குடிசைப் பகுதிகள் கணக்கிடப்பட்டன. 1971 கணக்கெடுப்பில் அது 1,202 ஆனது. அவற்றில் 7 லட்சத்துக்கும் அதிகமானோர் வாழ்ந்தார்கள். இந்த 1971 எண்கள் வரும் முன்னரே, 1970 செப்டம்பரில், கலைஞர் அரசு குடிசை மாற்று வாரியத்தைத் தொடங்கியிருந்தது. ராம அரங்கண்ணல் அதன் முதல் தலைவர். 1971இல் குடிசைப் பகுதிச் சட்டம் வந்தது. ஏழு ஆண்டுகளில் சென்னையில் குடிசையே இருக்காது என்பது அறிவிக்கப்பட்ட இலக்கு. குடிசை இருந்த இடத்திலேயே தரைத்தளமும் அதன்மேல் மூன்று தளமுமாக அடுக்ககம் கட்டித் தருவது வழிமுறை. ஆண்டறிக்கையின் முதன்மையான எண் இப்போது 'கட்டி முடிக்கப்பட்ட குடியிருப்புகள்' ஆயிற்று. இந்த எண்ணுக்கு அரசியல் வலிமை உண்டு. ஆண்டுக்காண்டு கூட்டிக்கொண்டே போகலாம், மேடையில் சொல்லலாம், எதிர்க்கட்சியும் அதே எண்ணை வைத்துத்தான் கேள்வி கேட்கும். ஒருமுறை கூட்டிவிட்ட வீடு அந்த எண்ணிலிருந்து கழிவதே இல்லை என்பதுதான் சிக்கல்.

1976இல் ஆட்சி கலைக்கப்பட்டு, 1977இல் உலக வங்கிக் கடனில் சென்னை நகர மேம்பாட்டுத் திட்டம் தொடங்கியபோது கணக்கின் அலகு மறுபடி மாறியது. அடுக்ககம் செலவு மிக்கது; குடிசைப் பகுதிக்குத் தெருவும் குழாயும் கழிப்பறையும் மனை உரிமையும் கொடுத்தால் மக்களே கட்டிக்கொள்வார்கள் என்பது வங்கியின் வாதம். அரும்பாக்கம், வில்லிவாக்கம், கொடுங்கையூரில் அடிப்படை வசதியுடன் மனைகள் பிரிக்கப்பட்டன. அறிக்கையில் 'பயன்பெற்ற குடும்பங்கள்' என்ற தலைப்பு வந்தது. என் மதிப்பீட்டில், இடம்பெயர்க்காமல் மேம்படுத்திய இந்தப் பத்தாண்டுகள் வாரிய வரலாற்றில் உரிய அளவுக்குப் பேசப்படாதவை. திறப்பு விழாவுக்கு உயரமான கட்டடம் கிடைக்காத திட்டம் என்பதும் அதற்கு ஒரு காரணமாக இருக்கலாம்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு வடகரையின் கணக்கு மேலும் சிதறியது. 2005 மார்ச் மாதம் வருவாய்த் துறை வெளியிட்ட 172ஆம் எண் அரசாணை, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்த மீனவருக்கு இரண்டு வழிகளைத் தந்தது. உள்ளே தள்ளிப் போனால் புது வீடு. போகாவிட்டால் அதே இடத்தில் தாமே பழுதுபார்த்துக்கொள்ள வேண்டும். எர்ணாவூரில் சுனாமி குடியிருப்பு எழுந்தது. வடகரைக் குப்பங்களிலிருந்து அங்கே போன ஒரு குடும்பம் எத்தனை ஏடுகளில் பதிவாகியிருக்கும் என்று எண்ணிப்பாருங்கள்: நிவாரணம் வருவாய்த் துறையில், வலையும் படகும் மீன்வளத் துறையில், வீடு குடிசை மாற்று வாரியத்தில், கடன் உலக வங்கியின் சுனாமி மறுகட்டமைப்புத் திட்டத்தில், குடிநீர் உள்ளாட்சியில். கடலுக்குப் போய்வரும் தூரம் கூடியது எந்த ஏட்டிலும் இல்லை. இரவு இரண்டு மணிக்குப் படகேற வேண்டியவனுக்கு அந்தத் தூரம் ஆட்டோக் காசு.

2005க்குப் பின் ஜவஹர்லால் நேரு நகர்ப்புறத் திட்டம், 2015க்குப் பின் பிரதமர் வீட்டுவசதித் திட்டம் என்று மத்திய நிதியும் சேர்ந்தது. மத்திய நிதிக்குரிய படிவமும் சேர்ந்தே வந்தது. ஒப்புதல், தொடக்கம், நிறைவு, ஒப்படைப்பு என்று வீட்டின் வாழ்க்கை நான்கு கட்டங்களாயிற்று. ஒப்படைப்புக்குப் பின் கட்டம் இல்லை.

ஒப்படைப்புக்குப் பின் என்ன ஆகிறது என்பதை 2021 காட்டியது. அந்த ஆண்டுதான் குடிசை மாற்று வாரியம் நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியமானது. ஆகஸ்டில் புளியந்தோப்பு கேசவப் பிள்ளை பூங்காவில் 1,920 வீடுகள் கொண்ட புத்தம்புது அடுக்ககத்தில், தொட்டால் சுவர்ப்பூச்சு உதிரும் காட்சி மாநிலம் முழுக்கப் பரவியது, ஐ.ஐ.டி. குழு ஆய்வு செய்தது. டிசம்பர் 27 காலை திருவொற்றியூர் கிராமத்தெரு அரிவாக்குளத்தில் 'டி' பிளாக் சரிந்தது. 1993இல் கட்டப்பட்ட திட்டப் பகுதி அது. மொத்தம் 336 வீடுகள், பிளாக்குக்கு 24. முன்னரே சுவரில் விரிசல் கண்டவர்கள் அக்கம்பக்கத்தை எழுப்பி வெளியே வந்துவிட்டதால் உயிரிழப்பு இல்லை. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வந்தவர்களால் ரேஷன் கார்டையும் பள்ளிச் சான்றிதழையும் எடுக்க முடியவில்லை. 24 குடும்பங்களுக்கும் தலா 1 லட்சம் ரூபாயும் மாற்று வீடும் அறிவிக்கப்பட்டன.

28 ஆண்டு என்பது கான்கிரீட் கட்டடத்துக்கு முதுமை இல்லை. உப்புக்காற்று கம்பியை அரிக்கும்; துரு ஏறிய கம்பி பருத்துப் பூச்சைத் தள்ளும்; குளியலறைக் குழாய் கசிந்து கீழ்வீட்டுக் கூரை ஊறும். வட சென்னையில் 'ஹவுசிங் போர்டு' என்று சொல்லப்படும் எந்தப் பழைய பிளாக்கிலும் மாடிப்படியின் அடிப்புறத்தை நிமிர்ந்து பார்த்தால் சிவந்த கம்பி தெரியும். ஒரு ஹால், ஒரு சமையல்கட்டு என்று கட்டிய வீட்டில் இரண்டு தலைமுறை சேர்ந்து வாழ்கிறது. பராமரிப்பு யாருடையது என்பதில் வாரியத்துக்கும் குடியிருப்போருக்கும் தீராத இழுபறி. கிரயப் பத்திரம் கையில் இல்லாதவரிடம் கட்டடம் உங்களுடையது, நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள் என்பது எடுபடாது. வாரியம் பின்னர் குடியிருப்போர் சங்கங்களைப் பதிவு செய்யவைத்துப் பராமரிப்பில் பங்கேற்கச் செய்யும் திட்டம் கொண்டுவந்தது. பழைய அடுக்ககங்களை இடித்துப் பெரிய வீடுகளாகக் கட்டும் மறுகட்டுமானப் பணியும் வேகம் பிடித்தது. நல்லதே. ஆனால் மறுகட்டுமானமும் அறிக்கையில் புதுக் கட்டுமானமாகவே கூட்டப்படுகிறது. இடித்த வீடு கழிக்கப்படுவதில்லை. வாடகைக்கு வெளியேறியவர்களில் எத்தனை பேர் திரும்பி வந்தார்கள் என்பது சொல்லப்படுவதில்லை.

2023 நிதிநிலை அறிக்கையில் 1,000 கோடி ரூபாயில் வட சென்னை வளர்ச்சித் திட்டம் அறிவிக்கப்பட்டது. 2024 மார்ச் 14 அன்று தங்கசாலையில் முதலமைச்சர் அதைத் தொடங்கிவைத்தபோது 11 துறைகளின் 219 பணிகள், 4,181 கோடி ரூபாய் என்று விரிந்திருந்தது. பெருநகர வளர்ச்சிக் குழுமம் முன்னின்று நடத்துகிறது. குடியிருப்பு, குடிநீர், பள்ளி, மருத்துவமனை எல்லாம் ஒரே திட்டத்துக்குள் வருகின்றன. கணக்கு வரலாற்றின் கோணத்தில் இது முக்கியமான திருப்பம். டிவிஷன்வாரி அறிக்கை வழக்கொழிந்தபின் ஊர் மறுபடி தலைப்பில் வந்திருக்கிறது. திட்டத்தின் உண்மையான சாதனை இதுவே என்பேன். குறையும் அதிலேயே இருக்கிறது. எண்ணப்படுபவை பணிகளும் கோடிகளும்தான். பழைய மாநகராட்சி டிவிஷனைப் பேர் சொல்லி எழுதியபோது அங்கே எத்தனை பேர் இறந்தார்கள் என்பதையும் எழுதியது. இன்றைய பட்டியலில் மூச்சுத்திணறலுக்கும் அனல்மின் நிலையச் சாம்பல் குளத்துக்கும் இடமில்லை. 2023 டிசம்பரில் எண்ணூர் முகத்துவாரத்தில் எண்ணெய் பரவியதும், அதே மாதம் 26ஆம் நாள் நள்ளிரவை ஒட்டி உர ஆலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து பெரியகுப்பம் மக்கள் வீட்டைவிட்டு ஓடியதும் வீட்டுவசதிக் கணக்கில் வராத செய்திகள். வீட்டை எங்கே கட்டுகிறோம் என்ற கேள்விக்கோ அவைதாம் முதல் சான்று.

சந்தை தன் கணக்கைத் தனியாகப் போடுகிறது. 2021 பிப்ரவரியில் மெட்ரோ விம்கோ நகர் வரை நீண்டதிலிருந்து திருவொற்றியூர் நெடுஞ்சாலையோரம் தனியார் அடுக்கக விளம்பரங்கள் கூடிவருகின்றன. அந்தக் கட்டட அனுமதிகள் வளர்ச்சிக் குழுமத்தின் ஏட்டில் சேரும். அதனால் வாடகை ஏறி வெளியேறுகிறவர் எவர் ஏட்டிலும் சேரமாட்டார்.

அடுத்த கொள்கை விளக்கக் குறிப்பில், ராயபுரம் முதல் எண்ணூர் வரையுள்ள ஒவ்வொரு வாரியக் குடியிருப்புக்கும் நான்கு விவரங்களை அச்சிட வேண்டும்: கட்டிய ஆண்டு, கடைசியாக உறுதித்தன்மை சோதித்த நாள், கிரயப் பத்திரம் பெற்றோர் எண்ணிக்கை, இடித்துக் கட்டியதாயின் திரும்பி வந்த குடும்பங்கள். இதற்குப் புதுச் சட்டமோ தனி நிதியோ வேண்டியதில்லை. தொகுதி உறுப்பினர்கள் மானியக் கோரிக்கை விவாதத்தில் இதைக் கேட்டு வாங்க வேண்டும்.