மடு மாதாவும் இடம்பெயர்ந்த மக்களும்

எங்கள் வீட்டுச் சாமியறையில் பிள்ளையார் படத்துக்குக் கீழே ஒரு சிறிய தகரப்பேணி இருந்தது. அதற்குள் மடு மண். நாங்கள் சைவக் குடும்பத்தினர். ஆயினும் பாம்பு தீண்டியவருக்கு அந்த மண்ணைக் கரைத்துக் கொடுக்கவேண்டும் என்பதில் என் அப்பாச்சிக்கு எள்ளளவும் ஐயம் இருந்ததில்லை. ஆடித் திருவிழாவுக்கு மாட்டுவண்டி கட்டிக்கொண்டு மடுவுக்குப் போனவர்களில் சைவரும் இருந்தார்கள். தெற்கிலிருந்து வந்த சிங்களவரும் இருந்தார்கள். இந்நாட்டில் அப்படியோர் இடம் அரிது.

அந்த மடு மாதா ஓர் அகதியாகவே மருதமடுவுக்கு வந்தார் என்பதை நான் பத்திரிகைத் துறைக்கு வந்த பின்னரே அறிந்துகொண்டேன்.

1658ஆம் ஆண்டு யூன் மாதத்தில் யாழ்ப்பாணக் கோட்டை ஒல்லாந்தர் வசமாயிற்று. போர்த்துக்கேயக் குருமார் வெளியேற்றப்பட்டனர். கத்தோலிக்கக் குரு ஒருவருக்குப் புகலிடம் கொடுப்பவருக்கு மரண தண்டனை என அதே ஆண்டிலேயே கட்டளை பிறப்பிக்கப்பட்டது. கத்தோலிக்க ஆலயங்கள் சீர்திருத்தச் சபையின் ஆலயங்களாக மாற்றப்பட்டன. திருமணத்தைப் பதிவதாயினும் பிள்ளைக்குச் சொத்துரிமை பெறுவதாயினும் அந்தச் சபையின் வாசலுக்கே போகவேண்டியிருந்தது. பகலில் அங்கே பெயரைக் கொடுத்துவிட்டு, இரவில் கதவைச் சாத்திக்கொண்டு செபமாலை சொன்ன குடும்பங்கள் பல.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் கடந்துபோக எனக்கு மனமில்லை. மாதாவின் திருச்சொரூபம் முதலில் இருந்த மாந்தைப் பகுதியில்தான் பாடல் பெற்ற தலமாகிய திருக்கேதீச்சரமும் இருந்தது. அதனைத் தரைமட்டமாக்கியவர்கள் போர்த்துக்கேயர். ஆட்சியோடு வந்த மதம் பின்னொரு நாள் ஆட்சியாலேயே துரத்தப்பட்டது. ஆனால் துரத்தப்பட்ட ஏழை மக்கள் எந்தக் கோயிலையும் இடித்தவர்கள் அல்லர். அவர்களுள் இருபது குடும்பங்கள் 1670ஆம் ஆண்டளவில் மாந்தையிலிருந்து சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு வன்னிக் காட்டுக்குள் சென்று மருதமடுவில் தங்கின என்பது வழிவழி வந்த செய்தி. யாழ்ப்பாணத்திலிருந்து தப்பிவந்த வேறொரு கூட்டத்தாரும் அவர்களோடு சேர்ந்துகொண்டனராம். காட்டில் மலேரியாவும் பாம்பும் யானையும் இருந்தன. ஒல்லாந்தர் மாத்திரம் இல்லை.

ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் வடக்கின் கத்தோலிக்கர் நிலையான குருவானவர் இன்றியே வாழ்ந்தார்கள். பூசை இல்லை, பாவசங்கீர்த்தனம் இல்லை, சாகக்கிடப்பவருக்கு அவஸ்தைப்பூசுதல் இல்லை. கடவுள் தங்களைக் கைவிட்டுவிட்டார் என்று அவர்கள் முடிவு செய்திருந்தால் யார் குறைகூற முடியும்?

1687இல் கோவாவிலிருந்து யோசப் வாஸ் அடிகளார் வந்தார். தூத்துக்குடியில் தோணியேறி, கூலியாள் போல வேடம் பூண்டு யாழ்ப்பாணத்தை அடைந்தபோது அவர் வயிற்றோட்டத்தால் நடக்கமாட்டாத நிலையில் இருந்தார். முன்பின் அறியாத ஒரு பெண் ஊட்டிய கஞ்சியால் உயிர் பிழைத்தார் என அவரது வரலாற்றை எழுதியோர் குறிப்பிடுகின்றனர். உயிர் மீண்டதும் கழுத்தில் செபமாலையைத் தொங்கவிட்டுக்கொண்டு வீடுவீடாகப் பிச்சையெடுத்தார். அம்மாலையைக் கண்டு எந்த முகத்தில் மாற்றம் தெரிகிறது என்று பார்ப்பதே அவர் கையாண்ட உபாயம். இவ்வாறுதான் மறைந்திருந்த கத்தோலிக்கர் ஒவ்வொருவராக வெளிப்பட்டார்கள். சில்லாலை மக்கள் தம் உயிரைப் பணயம் வைத்து அவரை ஒளித்துவைத்தார்கள். பின்னர் கண்டியில் ஒற்றன் என்று சிறையிடப்பட்டார். 1697இல் அங்கே அம்மை நோய் பரவியபோது, உறவினர்களே கைவிட்டுப் போன நோயாளரை மதம் பாராது பராமரித்தார். 1711இல் கண்டியிலேயே காலமானார். 2015 சனவரி 14ஆம் திகதி காலையில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தார். அன்று பிற்பகலே மடுவுக்கும் சென்றார்.

அதற்கு முன்னர் மடு பார்த்தவற்றைச் சொல்லவேண்டும். 1990இல் போர் மீண்டும் மூண்டதிலிருந்து ஆலய வளவு பல்லாயிரம் அகதிகளின் ஊராக மாறியிருந்தது. மாதாவின் காலடியில் குண்டு விழாது என்பது மக்களின் நம்பிக்கை. 1999 நவம்பர் 20ஆம் திகதி இரவு எறிகணைகள் விழுந்தன. ஆலய வளவில் தஞ்சமடைந்திருந்தோரில் சுமார் நாற்பது பேர் மாண்டனர். குழந்தைகளும் அவர்களுள் அடக்கம். படைத்தரப்பும் புலிகளும் ஒருவர்மீது ஒருவர் பழிசுமத்தினர். செய்தி மேசையில் அமர்ந்து அந்த எண்ணிக்கையைத் திருத்தித் திருத்தி எழுதிய இரவு எனக்கு மறக்கவில்லை. வீட்டுக்குப் போனதும் என் கண் அந்தத் தகரப்பேணியைத்தான் தேடியது; எனக்குக் கோபமாக இருந்தது.

சமாதான காலத்தில் மடுவுக்குப் போனபோது, அன்றிரவு அங்கிருந்த ஒரு தாயைச் சந்தித்தேன். மாதா ஏன் காப்பாற்றவில்லை என்று நேரடியாகக் கேட்கும் துணிவு எனக்கு வரவில்லை, சுற்றிவளைத்துக் கேட்டேன். அவருக்கு விளங்கிவிட்டது. "அவவும் எங்களோடதானே தம்பி இருந்தவ" என்றார். அதற்குமேல் ஒன்றும் சொல்லவில்லை. எழுதிப் பிழைக்கும் எனக்கு அந்த விடை அன்று போதவில்லை. தப்பவைக்காத துணை என்ன துணை என்றே எண்ணினேன். மாந்தையிலிருந்து சொரூபத்தைச் சுமந்த குடும்பங்களைப் பற்றிப் படித்தபோதும், சில்லாலையில் ஒளித்துவைக்கப்பட்ட அடிகளாரைப் பற்றிப் படித்தபோதும் அவருடைய சொல்லே திரும்பத் திரும்ப நினைவுக்கு வந்தது. அந்த மக்களும் காப்பாற்றப்பட்டுவிடவில்லை, காட்டில்தான் கிடந்தார்கள்.

2008 ஏப்ரல் மாதத் தொடக்கத்தில் போர்முனை மடுவை நெருங்கியது. குருமார் சொரூபத்தை எடுத்துக்கொண்டு தேவன்பிட்டிக்குச் சென்றார்கள். முந்நூற்று முப்பத்தெட்டு ஆண்டுகளின் பின் மாதா மீண்டும் இடம்பெயர்ந்தார். அவ்வாண்டு ஆகஸ்டில் சொரூபம் மடுவுக்குத் திரும்பியது. ஆனால் வன்னி மக்கள் அப்போதும் கிழக்கு நோக்கி நடந்துகொண்டிருந்தார்கள். கிளிநொச்சி, தருமபுரம், புதுக்குடியிருப்பு என்று நீண்ட அந்தப் பாதை 2009 மே மாதத்தில் முள்ளிவாய்க்காலில் முடிந்தது. அந்தத் தாயும் அவ்வழியே போனாரா என்று பலரிடம் விசாரித்துப் பார்த்தேன். அவருடைய பெயரை அன்று நான் கேட்டு வைத்திருக்கவில்லை.